பேஸ்கட்பால் கோர்ட்டில் ஒரு கோலம்

1. அன்றைக்கு இருந்தவர்கள்

தலைமையாசிரியை அம்மா ஒருவர். ஆசிரியைகள் இருபத்து மூன்று பேர். பி.டி. மாஸ்டர் சாமுவேல் சார். ஹாஸ்டல் வார்டன். கூட்டிப் பெருக்கும் அக்காமார் இரண்டு பேர். கேட்டில் வாட்ச்மேன். மைக் செட்காரர் ஒருவர். காம்பவுண்டு சுவருக்கு வெளியே எம்பி எம்பிப் பார்த்த ஆட்டோ டிரைவர்கள் மூன்று பேர். எங்கள் பக்கம் மெக்கானிக் தங்கராஜும் நானும். மாணவிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இது நான் எண்ணியது இல்லை, ஆபீஸ் வாசல் கரும்பலகையில் ‘இன்றைய வருகை’ என்று எழுதியிருந்தது.

அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி என் மகள்.

மற்றவர்களையெல்லாம் நானே எண்ணினேன். அது என் வழக்கம். வண்டி கையை விட்டுப் போனால் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியாமல் நான் சீட்டில் ஏறியதே இல்லை.

பைக் ஸ்டண்டில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். இப்போது இல்லை. தூத்துக்குடியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்கள் வண்டியை செட் பண்ண என்னிடம் வருவார்கள். ஸ்பிராக்கெட்டுக்கு எத்தனை பல், பின் டயரில் எவ்வளவு காற்று என்று கேட்பார்கள். அதையெல்லாம் சொல்லிவிடுவேன். எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த இந்த ஒரு ஷோவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எழுதிப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. பயந்தவன் செய்த வேலை

நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்தவன். அப்பாவுக்குக் கடல் வேலை. எனக்குக் கடல் என்றால் பயம். வள்ளத்தில் ஏற்றினால் கரை தெரிகிற தூரத்திலேயே அழ ஆரம்பித்துவிடுவேனாம். அதனால் பள்ளிக்கூடம் நின்றதும் படகு என்ஜின் ரிப்பேர் பார்க்கிற பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து டூவீலர் பட்டறைக்குப் போனேன். அங்கே ரிப்பேருக்கு வந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய்த்தான் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிற வீலி பழகினேன்.

“கடலுக்குப் பயந்த பய இதுக்குப் பயப்பட மாட்டானா?” என்று வீட்டில் கேட்டார்கள். பயந்தேன். ஆனால் வண்டியில் எனக்கு ஒரு வசதி இருந்தது. ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். செயின், பிரேக், காற்று, தரை. கடலை யாரும் சரிபார்க்க முடியாது.

ஈவென்ட் கம்பெனிக்காரர்கள் எனக்கு ‘நோ ஃபியர் ஜெரி’ என்று பேர் வைத்து, சட்டையிலும் அடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷோவுக்கு முன்னால் நாலு தடவை பாத்ரூம் போவேன்.

ஒரே ஒரு தடவை சரிபார்க்காமல் விட்டேன். திருச்செந்தூர் ரோட்டில் ஒரு பொருட்காட்சி. நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார்கள். சிமெண்டுத் தரையில் ஒரு கைப்பிடி மணல் கிடந்திருக்கிறது. சர்க்கிள் போடும்போது பின் டயர் அதில் ஏறியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் மனைவி ரீத்தா மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சண்டை எதுவும் போடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

“ஒங்க எலும்பு ஒடஞ்சா கட்டுப் போட்டுருதாங்க. நீங்க வண்டிய எடுத்துட்டுப் போற ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ள ஒடையுது. அதுக்கு நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக?”

“விட்டுருதேன்” என்றேன்.

விட்டுவிடுகிறேன் என்று சொன்ன வாயோடு, கை சரியானதும் மறுபடி ஓட்டினேன். வேறு வேலை வராது என்று பயம். ரீத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாசரேத்துக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டாள். பிள்ளையை நாசரேத்திலேயே ஹாஸ்டலில் சேர்த்தாள். பத்து வருஷம் போயிற்று. பிள்ளையின் பேர் ஷைனி.

இடையில் ஒரு தடவை பார்த்தேன். மணப்பாட்டில் சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்போது பத்து வயது. ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பளத்தை உடைத்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

அந்தக் கல்யாணத்தில்தான் ஹாஸ்டல் விஷயம் தெரிந்தது. மாதம் ஒரு முறை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். அதற்கு விசிட்டர் கார்டு உண்டு. கார்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்கள்தான் உள்ளே போகலாம். ஷைனியின் கார்டில் ரீத்தா பேரும் அவள் அக்கா பேரும் இருந்தன. அப்பா என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறதாம்.

3. சாமுவேல் சாரின் போன்

ஆகஸ்டில் தூத்துக்குடி கோயில் திருவிழா எக்ஸிபிஷனில் எங்கள் ஷோ நடந்தது. அதைப் பார்த்துவிட்டு சாமுவேல் சார் போன் பண்ணினார்.

“அண்ணாச்சி, எங்க பிள்ளைகளுக்கு நீங்க வந்து ஒரு மோட்டிவேஷன் குடுக்கணும். எதுக்கெடுத்தாலும் பயப்படுதுங்க. மேடைல ஏறச் சொன்னா பயம், கணக்குன்னா பயம். அசெம்பிளில பேச்சு ஒரு கால் மணி, ஷோ ஒரு கால் மணி. போதும்.”

“எந்தப் பள்ளிக்கூடம் சார்?”

சொன்னார்.

“வாரேன் சார்.”

“இல்ல, எவ்வளவு எதிர்பாக்கியன்னு சொன்னா மேடத்துட்ட…”

“வாரேன்னு சொல்லுதேன்லா சார். ஒண்ணும் வேண்டாம்.”

தங்கராஜ் பக்கத்தில் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் எனக்கு மெக்கானிக் மட்டுமில்லை, பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டாளி.

“ஏலே, அட்வான்ஸை நாலு தடவ எண்ணிட்டு வண்டி ஏறுத ஆளு நீ. சும்மாவா வாரேன்னு சொல்லுத? காய்ச்சலா?”

“ஷைனி படிக்கிற பள்ளிக்கூடம்ல அது.”

அவன் கார்புரேட்டரைக் கீழே வைத்தான். பிறகு, “அப்ப செயினப் புதுசா மாத்திருவோம்” என்றான்.

மூன்று வாரமும் ஒரே யோசனைதான். நான் அப்பா என்று சொன்னால் ஷோவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று சாமுவேல் சாரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போவது ஏமாற்று வேலையாகுமோ என்று ஒரு பயம். வார்டன் கண்டுபிடித்து ரீத்தாவுக்குப் போன் போட்டால்? ஷைனி அன்றைக்கு லீவு போட்டுவிட்டால்? அவள் முன்னாலேயே விழுந்து தொலைத்தால்? அப்பா கப்பலில் இருக்கிறார் என்று அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தால்?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று அவள் ஒரு தடவை காட்டிக்கொண்டால் போதும்.

4. வெறுங்கால்

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. வண்டியைக் குட்டியானை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு ஏழரை மணிக்கே போய்விட்டோம். அசெம்பிளி ஒன்பதேகாலுக்கு. மைதானம் முழுக்கச் செம்மண். நடுவில் பேஸ்கட்பால் கோர்ட் மட்டும் சிமெண்டு. ஷோ அதில்தான்.

ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாலும் நான் ஒரு வேலை செய்வேன். திருச்செந்தூர் ரோட்டில் விழுந்த பிறகு வந்த பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு மொத்தத் தரையையும் வெறுங்காலால் நடந்து பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாக நடந்தேன். நடு வட்டத்துக்கு வந்ததும் பாதத்தில் நறநற என்றது.

குனிந்து பார்த்தேன். வட்டம் முழுக்கக் கலர் கலராகக் கோலம். பெருவிரலால் தேய்த்தேன். பொடி இல்லை, குருணை. உப்பில் சாயம் கலந்து போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் உப்புக்குப் பஞ்சமில்லை, கோலப்பொடி வாங்குவதற்குப் பதிலாக இப்படித்தான் செய்வார்கள். சிமெண்டுத் தரையில் உப்புக் குருணை கிடந்தால் டயருக்கு அடியில் பால்ரஸ் குண்டு மாதிரி உருளும். அதன்மேல் வண்டியைச் சாய்த்தால் முடிந்தது கதை.

சாமுவேல் சார் சிரித்துக்கொண்டே வந்தார்.

“சார், இதக் கூட்டணும்” என்றேன்.

“என்ன அண்ணாச்சி, ஒங்களுக்குப் போட்ட வரவேற்புக் கோலம்லா! ஒங்க வண்டியத்தான் வரைஞ்சிருக்கு. அம்சமா இருக்கு பாருங்க.”

“நல்லாருக்கு சார். கூட்டணும்.”

“சுத்தி ஓட்ட முடியாதா?”

“நடுவுலதான் சர்க்கிள் போடணும். காத்தடிச்சா உப்பு எல்லாப் பக்கமும் பரவும் சார்.”

தங்கராஜ் என் காதருகே வந்தான். “ஏலே, ஒரு வட்டம்தான? ஓரமா ரெண்டு வீலி அடிச்சிட்டுப் போயிருவோம். பிள்ளைக மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்குல.”

“விழுந்தா யாருல தூக்குதது?”

“பத்தொம்பது வருசமா நாந்தான தூக்குதேன். புதுசா ஆளா வைக்கப் போற?”

நான் கேட்கவில்லை. கூட்டிப் பெருக்கும் அக்கா தயங்கித் தயங்கி நின்றார். அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி நானே கூட்டினேன். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கருப்பும் கலந்து ஓரத்தில் ஒரு குவியலாகச் சேர்ந்தது. மாடி வராந்தாவில் நின்ற ஹாஸ்டல் பிள்ளைகளிடமிருந்து “ஐயோ” என்று ஒரு சத்தம் வந்தது. நான் நிமிரவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாக்கால் துடைத்து, காய விட்டோம்.

தலைமையாசிரியை அம்மா வந்தார்.

“மிஸ்டர் ஜெரி, மணி ஒன்பதரை. தரை இன்னும் ஈரமா இருக்கே.”

“காயணும் மேடம்.”

“சட்டையில நோ ஃபியர்னு போட்டிருக்கீங்க.”

“அது கம்பெனி அடிச்சுக் குடுத்தது மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “ரோட்டுல யாரும் இதைச் செய்யக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடுங்க. அப்புறம் பயமே இல்லாம இருக்கிறது எப்படின்னு சொல்லுங்க. அதுதான் எங்க பிள்ளைகளுக்கு வேணும்.”

5. ஷோ

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஏறினேன். பிள்ளைகளைக் கோர்ட் விளிம்பிலிருந்து முப்பது அடி தள்ளி உட்கார வைக்கச் சொல்லியிருந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே மாதிரி மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. எந்த முகத்தைத் தேட?

ஷோ நன்றாக நடந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்குகிற ஸ்டாப்பி, சீட்டில் ஏறி நின்று ஓட்டுவது, கைவிட்டு ஓட்டுவது, ஒன்றிலும் பிசகவில்லை. கடைசியில் சர்க்கிள். முன் சக்கரம் மேலே, பின் சக்கரம் மட்டும் தரையில், ஒரே இடத்தில் வட்டமடிப்பது. ஹெல்மெட்டுக்குள் இருந்து பார்த்தால் கூட்டம் ஒரு துணி மாதிரி சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வகுப்புப் பலகைகள் வந்து போயின. 6 ஏ, 7 சி, 8 பி. ஷைனி 8 பி என்று சொந்தக்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தேன். 8 பி வரும்போதெல்லாம் பார்த்தேன்.

ஐந்தாவது சுற்றில் கண்டுபிடித்தேன். ரீத்தாவின் நெற்றி அப்படியே இருந்தது. சுற்றிலும் எல்லாரும் கை தட்டிக் கூச்சல் போட, அவள் மட்டும் கையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் டயர் சுற்றுகிற தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6. ஒரு கேள்வி

வண்டியை நிறுத்தியதும் மைக்கைக் கொடுத்தார்கள். ரோட்டில் செய்யக் கூடாது என்பதை முதலில் சொன்னேன். பிறகு தாளை எடுத்தேன். போனில் யார் யாரோ பேசுவதைக் கேட்டு மூன்று நாள் எழுதியது. ‘பயம் என்பது மனதின் மாயை’ என்று முதல் வரி. அதைப் படித்தேன். இரண்டாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சாமுவேல் சார் நிலைமையைப் புரிந்துகொண்டு மைக்கை வாங்கி, “யாராவது கேள்வி கேக்கிறீங்களா?” என்றார்.

“வண்டி மைலேஜ் எவ்ளோ சார்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சொன்னேன்.

“வீட்ல திட்ட மாட்டாங்களா சார்?” என்றது இன்னொன்று.

“திட்டுவாங்க” என்றேன்.

மூன்றாவதாக 8 பி வரிசையில் ஷைனி எழுந்தாள். யாரும் கை காட்டவில்லை, அவளே எழுந்தாள்.

“கோலத்த ஏன் அழிச்சீங்க சார்?”

தலைமையாசிரியை அம்மா, “ஷைனி, உட்காரு” என்றார்.

“கேக்கட்டும் மேடம்” என்றேன். அவள் குரலை நான் பத்து வருஷம் கழித்து அப்போதுதான் கேட்கிறேன். “உப்பும்மா அது. டயருக்கு அடியில உருளும். வண்டி சறுக்கிரும்.”

“எந்த எடத்துல உப்பு இருக்குன்னுதான் தெரியும்லா. அதுல ஏறாம ஓட்டலாம்லா சார்?”

“ஓட்டலாம்.”

“அப்ப?”

தாளை மடித்துப் பையில் வைத்தேன். “எனக்குப் பயம்” என்றேன்.

பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்து முன்னால் வரை வந்தது. சட்டையில் நோ ஃபியர் இருக்கிறதே, சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிப்பு அடங்கின பிறகு பேசினேன். அதுதான் நான் உண்மையாகப் பேசியது.

“பயப்படாதீங்கன்னு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அது எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் தெனமும் பயப்படுதேன். பயந்து பயந்துதான் எல்லாத்தையும் சரிபாக்கேன். ஒரு தடவ ஒரு கைப்பிடி மணலப் பாக்காம விட்டேன். எலும்பு போச்சு. அதோட வேறயும் போச்சு, எலும்புதான் திரும்பக் கூடிட்டு. அதனாலதான் கூட்டுனேன். கோலம் போட்ட பிள்ளை யாரா இருந்தாலும் மன்னிச்சிருங்க.”

ஷைனி நின்றுகொண்டே கேட்டாள். பிறகு, “தேங்க்யூ சார்” என்று உட்கார்ந்தாள்.

மொத்தம் மூன்று தடவை சார் என்றாள். எண்ணினேன்.

7. இடது பக்கம்

துண்டு போர்த்தி, பேனா செட் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். வண்டியைக் குட்டியானைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சாமுவேல் சார் கூடவே வந்தார்.

“அந்தப் பிள்ளை கேட்டத மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி. கோலம் போட்டது அதுதான். அதான் கோவம்.”

“அந்தப் பிள்ளையா போட்டுச்சு?”

“அதேதான். நோட்டீஸ் போட்ட அன்னைக்கே வந்து, நாந்தான் போடுவேன்னு நின்னுச்சு. காலைல அஞ்சரைக்கே எறங்கிட்டு. ஆனா வண்டியத் தப்பா வரைஞ்சு வச்சிருந்தது. எடது கைப்பக்கம் கிளட்ச் ஒண்ணுதான இருக்கும்? அது ரெண்டு லீவர் போட்டிருந்துச்சு. டிராயிங் மிஸ் ஒண்ண அழிக்கச் சொன்னா, இந்த வண்டில ரெண்டுதான் மிஸ்னு ஒரே பிடி. பின் சக்கரத்துல பல்லுத்தட்டு வேற தேர்ச் சக்கரம் கணக்கா. இந்தா பாருங்க.”

போனை நீட்டினார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண வண்டியில் இடது கைப்பக்கம் கிளட்ச் லீவர் ஒன்றுதான். ஸ்டண்ட் வண்டியில் அதன் கீழே இன்னொன்று வைப்போம். வண்டி செங்குத்தாக நிற்கும்போது கால் பிரேக் எட்டாது, அதனால் பின் பிரேக்கைக் கைக்குக் கொண்டுவருவது. பின் சக்கரத்துப் பல்லுத்தட்டை, அதாவது ஸ்பிராக்கெட்டையும் பெரிதாக மாற்றுவோம். சீட்டுக்குப் பின்னால், வண்டி மல்லாந்து விழாமல் தாங்க ஒரு கம்பி இருக்கும். கூட்டத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. போனில் எங்கள் ஷோ வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் போன் கிடையாது. லீவுக்குத் திருப்பூர் போகும்போது பார்த்திருக்க வேண்டும். ரீத்தாவின் போனில்.

படத்தில் மூன்றும் இருந்தன. இரண்டு லீவர், பெரிய ஸ்பிராக்கெட், பின்னால் கம்பி. வண்டியில் ஆள் இல்லை. வண்டி மட்டும்.

அப்போதுதான் அந்தக் கோலத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். காலால் தடவியிருந்தேன், விரலால் தேய்த்திருந்தேன், விளக்குமாற்றால் தள்ளியிருந்தேன். பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன்.

“சார், அந்தப் பிள்ளைய ஒரு நிமிசம் கூப்பிட முடியுமா? நேர்ல ஒரு வார்த்தை சொல்லணும்.”

சாமுவேல் சார் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, “இன்டர்வெல் விடட்டும்” என்றார்.

8. சில்லறை

பெல் அடித்ததும் வந்தாள். சாமுவேல் சார் பத்தடி தள்ளி நின்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தங்கராஜ் வண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே வண்டியிடம் போய், இடது பக்கம் கீழே இருக்கிற லீவரைத் தொட்டாள்.

“இதான் ஹேண்ட் பிரேக்கா?”

“ஆமா.”

“வீடியோல கருப்பா இருந்துச்சு.”

“போன வருசம் மாத்துனேன். இப்ப செவப்பு.”

“நான் கருப்புலதான் போட்டேன்.”

“பாக்கல. தரையத்தான் பாத்தேன்.”

“தெரியும். மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். செருப்பக் கழட்டிட்டு நடந்தீங்கல்லா. அம்மா சொல்லிருக்கு, அப்படித்தான் நடப்பீங்கன்னு.”

ரீத்தா என்னைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறாள். என்ன பேசியிருந்தால் என்ன, பேசியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டவன் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் பேசினாள். “உப்பு சும்மா கெடச்சுது. கலர் நாலு பாக்கெட்டு. ஒரு பாக்கெட்டு முப்பத்தஞ்சு ரூவா. என் கைக்காசு.”

“நூத்தி நாப்பதா?”

“நூத்தி நாப்பது.”

பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. நீட்டினேன்.

“மிச்சம் குடுக்க எங்கிட்ட சில்லறை இல்ல.”

“எல்லாத்தையும் வச்சுக்கோம்மா.”

“நான் அஞ்ஞூறு கேக்கல.” குரல் கொஞ்சம் இறுகியது. “நூத்தி நாப்பதுதான் கேட்டேன்.”

கயிறு கட்டிக்கொண்டிருந்த தங்கராஜ், “இதுக்கு என்னத்துக்கு நிக்கிய, எங்கிட்ட சரியா இருக்குல” என்று சட்டைப் பையில் கையை விட்டான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

“எங்கிட்டயும் இல்ல பாப்பா. டீசலுக்குப் போயிட்டு.”

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தங்கராஜின் பையில் துருத்திக்கொண்டிருந்த நோட்டையும் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

“அப்ப கொண்டுவந்து குடுங்க. ரெண்டாம் ஞாயித்துக்கெழம. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் விடுவாங்க.”

“கார்டுல எம் பேரு இல்லையேம்மா.”

“அம்மாட்ட கேக்கேன்.”

மறுபடி பெல் அடித்தது. இரண்டு எட்டு நடந்தவள் திரும்பி, “செயின்ல உப்பு பட்டிருக்கும். தொடைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அப்பா என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை.

குட்டியானை சாயர்புரம் தாண்டியதும் தங்கராஜ் என் பக்கம் திரும்பினான். “ஏலே, வாழ்க்கைல மொத தடவ எவங்கிட்டயோ கடன் சொல்லிட்டு சந்தோசமா வாரது நீதாம்ல” என்றான். சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

9. பிறகு

ஒத்துக்கொண்டிருந்த ஷோக்களை முடித்துக் கொடுத்துவிட்டு டிசம்பரில் நிறுத்தினேன். வண்டியை விற்றேன். வேறு வேலை வராது என்று பத்து வருஷம் பயந்தேன். வந்தது.

புதுப் பையன்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். தரையைக் கூட்டுங்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. யார் என்ன சொன்னாலும் கூட்டாமல் ஏறாதீர்கள். ஆனால் விளக்குமாற்றை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, இது யார் போட்டது என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தாலும் கூட்டித்தான் இருப்பேன். அவளைக் கூப்பிட்டு, பார்த்து, இரண்டு லீவரையும் பார்த்து, சொல்லிவிட்டுக் கூட்டியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பதினோரு இரண்டாம் ஞாயிறு வந்து போயிருக்கிறது. மே மாதம் ஹாஸ்டல் பூட்டியிருந்தது, அதைக் கழித்தால் பத்து. பத்துக்கும் போனேன். வாட்ச்மேன் கார்டுக் கட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஏறல அண்ணாச்சி” என்பார். முடியாது என்று ஒரு நாளும் தகவல் வரவில்லை. அதனால் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாலு மணி வரை நிற்பேன். மாடி வராந்தா அங்கிருந்து தெரியும். சில மாதம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். அவ்வளவு தூரத்தில் எல்லாம் ஒரே இரட்டைச் சடை.

போன மாதம் ரீத்தாவின் அக்கா மூலமாக ஒரு கேள்வி வந்தது. வண்டியை விற்றது நிஜம்தானா என்று. நிஜம்தான் என்று சொல்லி அனுப்பினேன். பதில் இன்னும் இல்லை.

ஷைனி இப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் போகாத வகுப்பு. என்ன பாடம் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

சட்டைப் பையில் ஒரு நூறும் இரண்டு இருபதும் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். எவ்வளவு அவசரம் வந்தாலும் அதை எடுப்பதில்லை. நாளை மறுநாள் இரண்டாம் ஞாயிறு.

கொடுக்க வேண்டிய பாக்கி: நூற்று நாற்பது ரூபாய்.